பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை எவ்வாறு பழுதுபார்க்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் விடைகள் பெரும்பாலும் எஷரிச்சியா கோலை, சுருக்கமாக ஈ. கோலை, என்னும் குடல் பாக்டீரியத்தை அடிப்படையாகக் கொண்டவை. டி.என்.ஏ. பழுதுபார்ப்பைப் பற்றி இன்று அறியப்பட்டவற்றுள் பெரும்பகுதி அந்த ஒரே உயிரியிலிருந்து கிடைத்தது. காசநோய்க் கிருமி முதலிய பிற பாக்டீரியா அதிலிருந்து விலகிச் செல்லும் இடங்கள் ஆங்காங்கே சுட்டப்பட்டுள்ளன. டி.என்.ஏ. ஈரிழைகளால் ஆனது என்பதும், அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் இணையும் என்பதும் வாசகருக்குத் தெரியும் என்று கொண்டு எழுதப்பட்டது.

கேள்வி: பாக்டீரியத்தின் டி.என்.ஏ.வுக்கு அப்படி என்ன சேதம் நேர்கிறது?

ஈ. கோலையின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒற்றை வளையம். அதை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் அது கிடப்பதோ இரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள செல்லுக்குள். வெளியிலிருந்து எந்த ஆபத்தும் வராவிட்டாலும் அது சிதைந்துகொண்டேதான் இருக்கும். செல்லில் உள்ள நீரே சைட்டோசினின் அமினோ தொகுதியைப் பறித்து அதை யுரேசிலாக மாற்றுகிறது. அடினைனையும் குவானைனையும் சர்க்கரையிலிருந்து கழற்றிவிடுகிறது. சுவாசத்தின் பக்கவிளைவாகத் தோன்றும் ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லில் உள்ள இரும்போடு வினைபுரிந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்குகிறது. இவற்றோடு வெயிலின் புற ஊதாக் கதிர், மண்ணிலும் குடலிலும் உள்ள வேதிப்பொருள்கள், மருந்துகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரட்டிப்பாகும்போது நேரும் பிழைகள் தனி வகை. அவற்றில் எந்தக் காரமும் சிதைவதில்லை, தவறான காரம் தவறான இடத்தில் அமர்ந்துவிடுகிறது.

கேள்வி: இரட்டிப்பாகும்போது எவ்வளவு பிழைகள் நேர்கின்றன?

டி.என்.ஏ. பாலிமரேஸ் 3 என்னும் நொதி நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் நியூக்ளியோடைடுகளைக் கோத்துச் செல்கிறது. இந்த வேகத்தில் சரியான காரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அது லட்சத்துக்கு ஒருமுறை என்ற அளவில் தவறுகிறது. அதே நொதியின் எப்சிலான் என்ற துணையலகு, தவறாகக் கோத்த காரத்தை அங்கேயே வெட்டியெடுத்துவிடுவதால் பிழை இன்னும் நூறு மடங்கு குறைகிறது. அதற்கும் தப்பியவற்றைப் பொருந்தா இணைத் திருத்தம் என்னும் மூன்றாவது அடுக்கு பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்து உழைத்தபின், நூறு கோடி முதல் ஆயிரம் கோடி வரையான காரங்களில் ஒன்று மட்டுமே பிழையாக எஞ்சுகிறது. வேறு விதமாகச் சொன்னால், ஈ. கோலை தன் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆயிரம் முறை படியெடுத்தால் ஒன்றிலிருந்து மூன்று வரையான பிறழ்வுகளே நிலைக்கின்றன.

எப்சிலான் துணையலகு செயலிழந்த ஈ. கோலை வகை ஒன்று ஆய்வகங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்படுகிறது. சத்தான வளர்ப்பு ஊடகத்தில் அதன் பிறழ்வு வீதம் ஆயிரக்கணக்கான மடங்கு உயர்கிறது. இரண்டாம் அடுக்கு இல்லாமற்போனதால் பெருகிய பிழைகளைச் சமாளிக்க முடியாமல் மூன்றாம் அடுக்கும் திணறிப்போவதும் இதற்கு ஒரு காரணம்.

கேள்வி: ஓர் இணை பொருந்தவில்லை என்றால், எந்த இழை சரி, எது தவறு என்பது செல்லுக்கு எப்படித் தெரியும்?

பழுதுபார்ப்பு முழுவதற்கும் அடிப்படையான கேள்வி இதுதான். குவானைனுக்கு எதிரே தைமின் அமர்ந்துவிட்டால் இரண்டுமே வேதியியல்படி குறையற்ற காரங்கள்; சேர்க்கைதான் தவறு. ஓரிடத்தில் பாடம் வேறுபடும் இரண்டு சுவடிகளை வைத்துக்கொண்டு எது மூலபாடம் என்று முடிவுசெய்ய வேண்டிய பதிப்பாசிரியரின் நிலையில் செல் இருக்கிறது. சரியான இழையைப் போய்த் திருத்திவிட்டால் பிழை நிலைத்துவிடும்; கண்ணை மூடிக்கொண்டு ஏதேனும் ஒன்றைத் திருத்தினால் பாதிப் பிழைகள் தப்பிவிடும்.

ஈ. கோலை இதற்குக் காலத்தைத் துணைக்கு அழைக்கிறது. டேம் என்னும் நொதி, ஜி-ஏ-டி-சி என்ற நான்கெழுத்துத் தொடர் வரும் இடங்களிலெல்லாம் அடினைன்மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டுகிறது. மரபணுத் தொகுதியில் இத்தகைய இடங்கள் ஏறத்தாழ 19,000 உள்ளன. புதிதாகப் பின்னப்பட்ட இழைக்கு இந்தக் குறி சற்றுத் தாமதமாகவே விழும் என்பதால், இரட்டிப்பு நடந்து முடிந்த சிறு இடைவெளியில் பழைய இழை குறியோடும் புதிய இழை குறியில்லாமலும் இருக்கின்றன. மியூட்-எஸ் என்ற புரதம் பொருந்தா இணையைக் கண்டு பற்றிக்கொள்கிறது. மியூட்-எல் அதனோடு சேர்ந்து மியூட்-எச் என்ற வெட்டும் நொதியைத் தூண்டுகிறது. மியூட்-எச் அருகிலுள்ள ஜி-ஏ-டி-சி இடத்தில் குறியில்லாத இழையை மட்டும் வெட்டுகிறது. வெட்டிய இடத்திலிருந்து பிழையைக் கடக்கும்வரை அந்த இழை பிரித்துக் களையப்பட்டு, பாலிமரேஸ் 3 அதைப் புதிதாக எழுதி முடிக்கிறது. வெட்டுமிடம் பிழையிலிருந்து ஆயிரம் காரங்களுக்கு அப்பாலும் இருக்கலாம். ஒரே ஓர் எழுத்தைத் திருத்த ஆயிரம் எழுத்துகளைக் கிழித்து எழுதுவது வீண்செலவாகத் தோன்றலாம்; ஆனால் எந்த இழையை நம்புவது என்ற தகவல் அவ்வளவு தொலைவில்தான் கிடைக்கிறது என்றால், செல்லுக்கு வேறு வழியில்லை.

இந்த விளக்கத்துக்கு வலுவான சான்றுகள் இரண்டு. டேம் நொதி இல்லாத ஈ. கோலையில் பிறழ்வு கூடுகிறது. டேம் நொதியை அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்யும் ஈ. கோலையிலும் பிறழ்வு கூடுகிறது. முதலாவதில் குறியே இல்லை. இரண்டாவதில் குறியில்லாத இடைவெளி கிடைப்பதில்லை. இந்த வழிமுறையைச் சோதனைக்குழாயில் தூய புரதங்களைக் கொண்டு மீண்டும் நிகழ்த்திக் காட்டிய பால் மாட்ரிச், 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை டோமஸ் லிண்டால், அஸிஸ் சன்ஜார் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாடநூல்கள் மெத்தில் குறி முறையை எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவானதுபோல எழுதுவது வாசகரைத் திசைதிருப்புகிறது. ஈ. கோலையும் அதன் நெருங்கிய உறவினங்களும்தான் இம்முறையைக் கையாள்கின்றன. பேசில்லஸ் சப்டிலிஸ் உள்ளிட்ட பெரும்பாலான பாக்டீரியாவில் மியூட்-எச் கிடையாது. மியூட்-எல் புரதமே வெட்டும் வேலையையும் செய்கிறது. காசநோய்க் கிருமி அடங்கிய மைகோபாக்டீரியா இனத்தில் மியூட்-எஸ், மியூட்-எல் இரண்டுமே இல்லை. ஆயினும் அவற்றின் பிறழ்வு வீதம் மற்ற பாக்டீரியாவைப் போலவே குறைவாக இருந்தது நெடுநாள் புதிராக இருந்தது. நியூக்-எஸ் என்ற முற்றிலும் வேறான நொதி அந்த வேலையைச் செய்கிறது என்பது 2017இல்தான் வெளிப்பட்டது.

கேள்வி: சிதைந்துபோன தனிக் காரத்தை எப்படி மாற்றுகிறது?

இங்கே எது தவறு என்று தீர்மானிப்பது பெரும்பாலும் எளிது, ஏனெனில் சிதைந்த காரம் டி.என்.ஏ.வுக்கு அந்நியமானது. யுரேசில் ஆர்.என்.ஏ.வில் இருக்க வேண்டியது, டி.என்.ஏ.வில் அது தென்பட்டால், பெரும்பாலும் ஒரு சைட்டோசின் கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். டோமஸ் லிண்டால் 1974இல் ஈ. கோலையில் கண்டறிந்த யுரேசில் கிளைக்கோசிலேஸ் என்ற நொதி, யுரேசிலை மட்டும் சர்க்கரையிலிருந்து கழற்றி எறிகிறது. காரமின்றி நிற்கும் அந்த இடத்தில் வேறொரு நொதி இழையை வெட்ட, பாலிமரேஸ் 1 எதிர் இழையைப் பார்த்துச் சைட்டோசினை நிரப்ப, லிகேஸ் இழையை ஒட்டி முடிக்கிறது. டி.என்.ஏ. யுரேசிலை விடுத்துத் தைமினைப் பயன்படுத்துவதற்கு இதையே முதன்மையான காரணமாகப் பலர் கருதுகின்றனர்: யுரேசில் முறையான எழுத்தாகவும் இருந்திருந்தால், கெட்டுப்போன சைட்டோசினை அடையாளம் காணவே முடியாது.

ஆக்சிஜன் தாக்கிய குவானைனோ இவ்வளவு நேர்மையானதன்று. 8-ஆக்சோகுவானைன் என்ற அப்பொருள் சைட்டோசினோடும் இணையும், அடினைனோடும் இணையும். ஈ. கோலை அதற்கு மூன்று நொதிகளை வைத்திருக்கிறது. மியூட்-டி, இன்னும் டி.என்.ஏ.வில் சேராத ஆக்சிஜனேறிய குவானைன் மூலப்பொருளைச் சிதைத்துவிடுகிறது. மியூட்-எம், சைட்டோசினுக்கு எதிரே உள்ள 8-ஆக்சோகுவானைனைக் கழற்றுகிறது. அந்த வாய்ப்புத் தவறி, இரட்டிப்பின்போது எதிரே அடினைன் அமர்ந்துவிட்டால் மியூட்-ஒய் வருகிறது. அது கெட்டுப்போன காரத்தைத் தொடுவதில்லை. பார்வைக்குக் குறையற்ற அடினைனைத்தான் அகற்றுகிறது. சிதைந்த காரத்தை முதலில் அகற்றியிருந்தால், எதிரே உள்ள அடினைனைப் பார்த்துத் தைமின் நிரப்பப்பட்டு, பிழை உறுதியாகியிருக்கும். அடினைனை அகற்றிச் சைட்டோசினை வரவழைத்தபின், மியூட்-எம் தன் வேலையை முறைப்படி செய்ய முடிகிறது.

கேள்வி: வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரால் வரும் சேதம் எப்படிச் சரிசெய்யப்படுகிறது?

புற ஊதாக் கதிர் ஒரே இழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்களை, அல்லது தைமினையும் சைட்டோசினையும், ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. பாலிமரேஸ் அந்த முடிச்சில் வந்து நின்றுவிடும். இதை அவிழ்க்க ஈ. கோலைக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, ஒளி செய்த கேட்டை ஒளியாலேயே நீக்குவது. 1949இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர், புற ஊதாக் கதிரால் தாக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசஸ் நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால் பெருமளவில் உயிர் மீள்வதைக் கண்டார். ஃபோட்டோலையேஸ் என்ற நொதி நீல ஒளியின் ஆற்றலைப் பிடித்து, ஒட்டிய காரங்களைப் பிரித்துவிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. இதில் எதையும் வெட்டுவதில்லை, எதையும் நிரப்புவதில்லை. ஆகவே எந்த இழையை நம்புவது என்ற கேள்வியே எழுவதில்லை. ஈ. கோலையின் ஒரு செல்லில் இந்த நொதியின் மூலக்கூறுகள் இருபதுக்கு மேல் இருப்பதில்லை.

இரண்டாவது வழிக்கு ஒளி தேவையில்லை. யு.வி.ஆர்.-ஏ, யு.வி.ஆர்.-பி ஆகிய புரதங்கள் ஒட்டிய காரங்களைத் தனியே தேடுவதில்லை. ஈரிழைச் சுருள் எங்கே இயல்புக்கு மாறாகக் கோணியிருக்கிறது என்று தேடுகின்றன. அதனால்தான் புகையிலைப் புகையில் உள்ள பருமனான வேதிப்பொருள்கள் ஒட்டிய இடங்களையும் இதே குழு கண்டுபிடித்துவிடுகிறது. யு.வி.ஆர்.-சி சேதத்தின் இரு பக்கமும் வெட்ட, 12 அல்லது 13 காரங்கள் கொண்ட துண்டு விலக்கப்பட்டு, எதிர் இழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படுகிறது. சேதமுற்ற துண்டு டி.என்.ஏ.விலிருந்து வெட்டியெடுக்கப்படுவதை 1964இல் ரிச்சர்ட் செட்லோ, வில்லியம் கேரியர் இருவரும், தனியே ரிச்சர்ட் பாய்ஸ், பால் ஹாவர்ட்-ஃபிளாண்டர்ஸ் இருவரும் கண்டறிந்தனர்.

பயன்பாட்டில் உள்ள மரபணுக்கள் முன்னுரிமை பெறுகின்றன. மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் சேதத்தில் முட்டி நின்றால், எம்.எஃப்.டி. என்ற புரதம் அதைத் தள்ளிவிட்டு அதே இடத்துக்கு யு.வி.ஆர். குழுவை அழைக்கிறது. இதன் விளைவை ஈவ்லின் விட்கின் 1950களிலேயே பதிவு செய்திருந்தார். அதன் இயக்கமுறை விளங்கியது 1990களில்.

கேள்வி: அப்படியானால் வீட்டிலுள்ள புற ஊதா நீர் சுத்திகரிப்பானில் செத்த பாக்டீரியா மீண்டும் உயிர் பெற்றுவிடுமா?

கதிரின் அளவு போதாமல் இருந்தால், பாதியளவு சேதமுற்ற பாக்டீரியா வெளிச்சம் படும் பாத்திரத்தில் ஓரளவு மீள முடியும் என்பது உண்மை. குடிநீருக்குப் பரவலாக ஏற்கப்பட்டுள்ள அளவான சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல், இந்த மீட்சியையும் கணக்கில் கொண்டு போதிய இடைவெளி விட்டு வகுக்கப்பட்டது. விளக்கு மங்கியபின்னும் மாற்றாமல் விடுவதும், கலங்கிய நீரை வடிகட்டாமல் அதனுள் செலுத்துவதும்தான் நடைமுறையில் கவலைப்பட வேண்டியவை.

கேள்வி: தன்னையே பலிகொடுத்துப் பழுதுபார்க்கும் புரதம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே?

அது ஏடா என்னும் புரதம். சில வேதிப்பொருள்கள் குவானைனின் ஆக்சிஜன்மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிடும். அத்தகைய குவானைன் தைமினோடு இணையத் தொடங்கும். ஏடா அந்த மெத்தில் தொகுதியைப் பிடுங்கித் தன்னிடமுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றில் ஒட்டிக்கொள்கிறது. அதை மீண்டும் நீக்க வழியில்லாததால், ஒரு மூலக்கூறு இந்த வேலையை ஒரு முறையே செய்ய முடியும். டி.என்.ஏ.வின் பாஸ்பேட் பகுதியில் ஒட்டிய மெத்தில் தொகுதியை அதே புரதம் வேறொரு சிஸ்டீனில் ஏற்றுக்கொண்டால், அது தன் சொந்த மரபணுவையே இயக்கிவிடும் தூண்டியாக மாறுகிறது. குறைந்த அளவு நஞ்சை முன்கூட்டியே சந்தித்த ஈ. கோலை பின்னர் பெரிய அளவைத் தாங்குவதை லியோனா சாம்சன், ஜான் கெய்ர்ன்ஸ் இருவரும் 1977இல் கண்டதன் விளக்கம் இதுவே.

கேள்வி: இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் முறிந்தால் என்ன ஆகும்?

இதுவரை கண்ட வழிகள் எல்லாம், ஒளியால் பிரிப்பதும் ஏடாவும் நீங்கலாக, எதிர் இழையை மூலமாகக் கொண்டவை. இரண்டு இழைகளும் முறிந்தால் அந்த மூலமும் இல்லை. சரிசெய்யாமல் விட்டால் ஒரே ஒரு முறிவே ஈ. கோலையைக் கொல்லப் போதுமானது. அப்போது அது செல்லில் உள்ள இன்னொரு படியை நாடுகிறது. வேகமாக வளரும் பாக்டீரியத்தில் இரட்டிப்பு ஓயாமல் நடந்துகொண்டிருப்பதால், மரபணுத் தொகுதியின் பெரும்பகுதிக்கு இரண்டாவது படி எப்போதும் இருக்கும்.

முறிந்த முனையை முதலில் பற்றுவது ரெக்-பி, ரெக்-சி, ரெக்-டி ஆகிய மூன்றும் சேர்ந்த ரெக்-பிசிடி என்ற பொறி. அது நொடிக்கு ஆயிரம் கார இணைகள் அளவுக்கு டி.என்.ஏ.வை அவிழ்த்துக்கொண்டே அழித்துச் செல்கிறது. பழுதுபார்க்க வந்தது அழித்துக்கொண்டே போவது முரணாகத் தெரியும். ஆனால் செல்லுக்குள் வந்த முறிந்த முனை, ஊடுருவிய வைரசின் டி.என்.ஏ.வாகவும் இருக்கலாம். இந்தப் பொறி ‘கை’ (Chi) என்னும் எட்டெழுத்துக் குறியைச் சந்திக்கும்போதுதான் தன் நடத்தையை மாற்றுகிறது: ஓர் இழையை அழிக்காமல் விட்டு, அதன்மேல் ரெக்-ஏ புரதத்தை வரிசையாக ஏற்றத் தொடங்குகிறது. ஈ. கோலையின் மரபணுத் தொகுதியில் இந்தக் குறி ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் உள்ளது. தற்செயலாக அமைந்திருந்தால் 150க்கும் குறைவாகவே இருந்திருக்கும். லாம்டா போன்ற வைரசின் டி.என்.ஏ.வில் அது இயல்பாக இல்லை. ஆகவே அதே குறி, இது என்னுடையது என்ற அடையாளமாகவும் பழுதுபார்ப்பைத் தொடங்கும் ஆணையாகவும் இருக்கிறது. குறிகளுள் பெரும்பாலானவை, இரட்டிப்பு நடக்கும்போது முறியும் முனைகளைச் சீராக்க ஏற்ற திசையை நோக்கியே அமைந்திருக்கின்றன.

ரெக்-ஏ மூடிய ஒற்றை இழை, தனக்கு ஒத்த வரிசையைச் செல் முழுவதும் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் படிக்குள் நுழைந்துகொள்கிறது. அதைப் பார்த்துத் தொலைந்த பகுதி எழுதப்பட்டபின், குறுக்காகப் பிணைந்த இழைகளை ரூவ்-ஏ, ரூவ்-பி, ரூவ்-சி ஆகியவை பிரித்து விடுகின்றன. ரெக்-ஏ மரபணுவை 1965இல் ஆல்வின் கிளார்க், ஆன் மார்குலிஸ் இருவரும் கண்டறிந்தனர். மனிதரின் ராட்51 புரதம் இதன் உறவினமே.

கேள்வி: இரண்டாவது படியே இல்லாத நிலையில்?

மைகோபாக்டீரியா, பேசில்லஸ் முதலியவை கூ, லிக்-டி ஆகிய இரு புரதங்களால் முறிந்த முனைகளை நேராக ஒட்டிவிடுகின்றன. இதில் சில எழுத்துகள் விடுபடவோ கூடவோ செய்யும். வித்தாக உறங்கும் பேசில்லசுக்கு ஒரே ஒரு படிதான் இருக்கும் என்பதால், பிழையோடு ஒட்டுவதே அதற்கு ஏற்றது. ஈ. கோலைக்கு இவ்விரு புரதங்களும் இல்லை.

கேள்வி: எஸ்.ஓ.எஸ். எதிர்வினை என்பது என்ன?

சேதம் அளவு மீறும்போது ஈ. கோலை எழுப்பும் பொது அபாய அறிவிப்பு அது. பெயரை வைத்தவர் மிரோஸ்லாவ் ராட்மன். ஆண்டு 1970களின் நடுப்பகுதி. அமைதியான காலத்தில் லெக்ஸ்-ஏ என்ற புரதம் நாற்பதுக்கு மேற்பட்ட மரபணுக்களின்மேல் அமர்ந்து அவற்றை அடக்கி வைக்கிறது. சேதத்தில் இரட்டிப்பு தடைப்படும்போது ஒற்றை இழை வெளிப்படுகிறது; அதன்மேல் ரெக்-ஏ படர்கிறது; படர்ந்த ரெக்-ஏவைத் தொடும் லெக்ஸ்-ஏ தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்கிறது. அடக்குமுறை நீங்கியதும் மரபணுக்கள் ஒரு வரிசைப்படி விழிக்கின்றன.

முதலில் வருபவை யு.வி.ஆர். போன்ற பிழையற்ற வழிகள். அவற்றால் முடியாதபோது சுல்-ஏ என்ற புரதம் செல் பிரிவதைத் தடுக்கிறது. பாக்டீரியம் பிரியாமல் நீண்ட நூல்போல வளர்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியாக வருவது பாலிமரேஸ் 5. சேதமுற்ற காரத்துக்கு எதிரே எதையேனும் வைத்துக் கடந்துபோவதே அதன் வேலை. வைப்பது சரியா என்று அது பார்ப்பதில்லை. அதன் ஒரு பகுதியான யூமு-டி புரதமும் ரெக்-ஏவைத் தொட்டு வெட்டப்பட்டால்தான் நொதி இயங்கும் என்பதால், அபாயம் நீடித்தால் மட்டுமே இந்த வழி திறக்கிறது. மூலபாடம் எங்குமே கிடைக்காத நிலையில், பிழையோடு பிழைப்பது சாவதைவிட மேல் என்பது இதன் கணக்கு.

இந்தக் கதையின் தொடக்கம் 1944இல் இருக்கிறது. ஈவ்லின் விட்கின் அந்த ஆண்டு கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஈ. கோலை பி என்ற வகையைப் புற ஊதாக் கதிருக்கு உட்படுத்தி, தப்பிப் பிழைத்தவற்றிலிருந்து கதிரைத் தாங்கும் பி/ஆர் என்ற வகையைப் பிரித்தெடுத்தார். அதன் இரகசியம் பல ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது. பி வகையில் சுல்-ஏவைச் சிதைக்கும் லான் நொதி இல்லாததால், ஒருமுறை நின்ற செல் பிரிவு மீண்டும் தொடங்காமல் அது நூலாக நீண்டே இறந்தது; பி/ஆர் வகையிலோ சுல்-ஏவே பழுதாகியிருந்தது. அபாயம் நீங்கியதை உணர்ந்து ஓய்வதும் இந்த ஏற்பாட்டின் இன்றியமையாத பகுதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. விட்கின் 2023இல் தம் 102ஆம் வயதில் காலமானார்.

கேள்வி: எஸ்.ஓ.எஸ். எதிர்வினையால் மனிதருக்குத் தீங்கு உண்டா?

உண்டு. சில வைரசுகள் பாக்டீரியத்தின் டி.என்.ஏ.வோடு இணைந்து உறங்குகின்றன. அவற்றின் அடக்கிப் புரதமும் லெக்ஸ்-ஏ போலவே ரெக்-ஏவைத் தொட்டு வெட்டிக்கொள்கிறது. தனக்கு இடங்கொடுத்த பாக்டீரியம் இறக்கப்போகிறது என்று அறிந்ததும் வைரஸ் விழித்துப் பெருகி வெளியேறுகிறது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஓ157 வகை ஈ. கோலையில், ஷிகா நச்சின் மரபணு இப்படிப்பட்ட வைரசின் பகுதியாகவே இருக்கிறது. டி.என்.ஏ.வைத் தாக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நச்சு உற்பத்தி கூடி, சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்து உள்ளதால், இந்நோய்க்கு ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

கேள்வி: எந்தக் கதிர்வீச்சாலும் சாகாத பாக்டீரியா உண்டா?

சாகாதது என்று எதுவும் இல்லை. ஆனால் டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் 5,000 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) அளவு காமாக் கதிரைப் பெரிய இழப்பின்றித் தாங்குகிறது. மனிதருக்கு 5 கிரே அளவே பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து. 1956இல் ஆர்தர் ஆண்டர்சன், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதிய டின் இறைச்சி கெட்டுப்போனதை ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்தார்.

அதன் டி.என்.ஏ. மற்றவற்றைவிட உறுதியானது என்று நினைப்பது தவறு. அதுவும் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு செல்லிலும் மரபணுத் தொகுதியின் நான்கு முதல் பத்துப் படிகள் இருப்பதால், ஒரு படியில் முறிந்த இடம் இன்னொன்றில் முழுதாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகள் ஒன்றையொன்று வார்ப்பாகக் கொண்டு நீண்டு, பின் ரெக்-ஏவின் உதவியால் இணைந்து, சில மணி நேரத்தில் முழு வளையங்களாக மாறுவதை ராட்மனின் குழு 2006இல் விளக்கியது. அதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது மைக்கேல் டேலியின் குழு காட்டிய செய்தி: இந்த பாக்டீரியத்தில் மாங்கனீசு மிகுந்தும் இரும்பு குறைந்தும் இருப்பதால் கதிர்வீச்சு அதன் புரதங்களை அவ்வளவாகச் சிதைப்பதில்லை. பழுதுபார்க்கும் நொதிகளே சேதமடைந்துவிட்டால், எத்தனை படிகள் இருந்தும் பயனில்லை. பூமியில் இயற்கையாக இவ்வளவு கதிர்வீச்சு எங்கும் இல்லை, வறட்சியும் டி.என்.ஏ.வை இதே வகையில் முறிக்கும் என்பதால், வறட்சியைத் தாங்கும் தகவமைப்பே கதிரையும் தாங்க உதவுகிறது என்பது பரவலான கருத்து.

கேள்வி: பழுதுபார்ப்பு கெட்டுப்போன பாக்டீரியா அழிந்துவிடாதா?

நிலையான சூழலில் நாளடைவில் நலியும். ஆனால் புதிய சூழலில் அது முந்திக்கொள்ளவும் கூடும், ஏனெனில் பயன்தரும் பிறழ்வும் அதற்கே முதலில் வாய்க்கிறது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் 12 ஈ. கோலைக் குழுக்களுடன் தொடங்கிய நெடுங்காலப் பரிணாமச் சோதனையில், 50,000 தலைமுறைகளுக்குள் ஆறு குழுக்கள் பிறழ்வு மிகுந்தவையாக மாறின. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுவழி நோய் கொண்டவர்களின் நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் வாழும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவிலும் இத்தகைய வகைகள் அடிக்கடி காணப்படுகின்றன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பானிய ஆய்வொன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் அவை இருந்தன. அவற்றுள் பலவற்றில் பழுதானது மேலே சொன்ன மியூட்-எஸ் மரபணுவே.

கேள்வி: மருந்து எதிர்ப்பாற்றலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் டி.என்.ஏ.வில் இரட்டை இழை முறிவை உண்டாக்கியே பாக்டீரியாவைக் கொல்கின்றன. அதே முறிவு எஸ்.ஓ.எஸ். எதிர்வினையையும் எழுப்பிப் பிழை செய்யும் பாலிமரேஸ்களை வரவழைக்கிறது. லெக்ஸ்-ஏ வெட்டிக்கொள்ள முடியாதபடி மாற்றப்பட்ட ஈ. கோலை, எலிகளில் நடந்த சோதனையில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிர்ப்பாற்றல் பெறவில்லை என்று 2005இல் ஃபிளாய்ட் ரோம்ஸ்பெர்க் குழு காட்டியது. லெக்ஸ்-ஏவையோ ரெக்-ஏவையோ தடுக்கும் சேர்மங்களைத் தேடும் முயற்சிகள் அதன்பின் பல நடந்துள்ளன.

காசநோய்க் கிருமியின் எதிர்ப்பாற்றல் முழுவதும் அதன் சொந்த மரபணுக்களில் நேரும் பிறழ்வுகளால் வருவது. பல குடல் பாக்டீரியாவைப் போல அது பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக அடுத்த செல்லிலிருந்து எதிர்ப்பாற்றலைப் பெற்றுக்கொள்வதில்லை. சேதம் மிகும்போது அது டி.என்.ஏ.-இ2 என்ற பிழை செய்யும் பாலிமரேஸை இயக்குகிறது. அந்த நொதி இல்லாத கிருமியிடம், எலிகளில் நீடித்த தொற்றின்போது, ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் தோன்றுவது குறைந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ரிஃபாம்பிசினை எதிர்க்கும் பிறழ்வு பல கோடிச் செல்களில் ஒன்றில்தான் தோன்றும் என்றாலும், நுரையீரலில் குழிவிழுந்த புண் ஒன்றிலேயே அத்தனை கோடிக் கிருமிகள் இருக்க முடியும். ஆகவே ஒற்றை மருந்து கொடுத்தால் எதிர்ப்பாற்றல் கொண்ட கிருமி ஏற்கெனவே காத்திருக்கும். இரண்டு மருந்துகளை ஒரே செல் எதிர்க்க வேண்டுமானால் இரண்டு அரிய பிறழ்வுகளும் அதிலேயே நேர்ந்திருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு உடலில் உள்ள கிருமிகளின் மொத்த எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தாலும் மிகச் சிறியது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கையும் சேர்த்தே காசநோய்ச் சிகிச்சை தொடங்கப்படுவதும், நோயாளி தாமாகவே நடுவில் சிலவற்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தொடரக் கூடாது என்று வலியுறுத்தப்படுவதும் இக்காரணத்தாலேயே.